காய்ச்சலுக்குச் சட்டையைக் கழற்றச் சொன்ன டாக்டர்

நவம்பர் 17, மாலை 6.12 – வாசகர் கேள்வி

கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். என் மாமாவுக்கு வயது 58. ஐந்து நாளாகக் காய்ச்சல், தலைவலி. மளிகைக் கடை வைத்திருப்பவர்; தோட்ட வேலைக்கெல்லாம் போகிறவர் அல்லர். புதிதாக வந்திருக்கும் ஓர் இளம் டாக்டரிடம் காட்டினோம். நாக்கைப் பார்ப்பார், ஊசி போடுவார் என்று போனால், சட்டையைக் கழற்றச் சொல்லி, வேட்டியைத் தளர்த்தச் சொல்லி, அக்குள், தொடை இடுக்கு என்று டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார். கடைசியில் தொப்புளுக்குக் கீழே சின்னதாக ஒரு கறுப்புப் பொருக்கு இருந்ததாம். "கிடைத்துவிட்டது" என்று சிரித்தாராம். மாமாவுக்கு ஒரே சங்கடம். மலையில் இருப்பவன் உடம்பில் ஒரு கடி, ஒரு கீறல் இல்லாத நாள் உண்டா? அதற்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்? ரத்தப் பரிசோதனை வேறு எழுதியிருக்கிறார். டாக்டரை மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு.

நவம்பர் 17, மாலை 6.40 – பதில்

மாற்றாதீர்கள். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறாரா? கொடுத்திருந்தால் ரத்த முடிவுக்குக் காத்திருக்காமல் இன்று இரவே முதல் மாத்திரை உள்ளே போகட்டும். விவரம் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

நவம்பர் 17, இரவு 9.50

நான் டாக்டர் அல்ல. 22 வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து எடை போட்டவன். ஆனால் அந்தக் கறுப்புப் பொருக்கை எனக்குத் தெரியும். என் அம்மாவை அது எமன் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பியது.

மூன்று வருடத்துக்கு முன், டிசம்பர் மாதம். அம்மாவுக்கு அப்போது 68. வேலையிலிருந்து நின்ற பிறகும் கவாத்து வெட்டிய தேயிலைக் காட்டுக்குச் சுள்ளி பொறுக்கப் போவார். கேஸ் அடுப்பு இருக்கிறதே என்றால், வெந்நீருக்கு விறகுதான் ருசி என்பார். வெந்நீருக்கு என்ன ருசி என்று கேட்டு நான் ஜெயித்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை தலைவலி என்றார். புதன்கிழமை காய்ச்சல். சுக்குக் கஷாயம், காய்ச்சல் மாத்திரை. வெள்ளிக்கிழமை முதல் டாக்டர்: வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது டாக்டர்: டைபாய்டு, தினம் ஓர் ஊசி. செவ்வாய்க்கிழமை மூன்றாவது இடம்: ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, டெங்குவாக இருக்கலாம். புதன்கிழமை மாலை அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சை எண்ணி எண்ணி விட்டார். கோயம்புத்தூருக்கு எழுதிவிட்டார்கள். மேட்டுப்பாளையம் இறங்கும்வரை ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் கை நழுவியது.

அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸ், நாகர்கோவில் பக்கத்துப் பெண். மறுநாள் காலை அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடும்போது இடது மார்புக்கு அடியில், ரவிக்கையின் விளிம்பு அழுத்தும் மடிப்பில், அதைப் பார்த்திருக்கிறார். மிளகை நசுக்கி ஒட்டியது போல நடுவில் கருக்கு. சுற்றிலும் செம்பு நிறத்தில் ஒரு வளையம். பீடி நெருப்பு பட்டு ஆறிய இடம் மாதிரி இருந்தது என்று பிறகு அக்கா சொன்னார்.

"இது என்ன பாட்டி?"

"அட்டை கடித்தது அம்மா. அது பாட்டுக்கு இருக்கிறது. வலியே இல்லை."

நர்ஸ் துடைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு டாக்டரைக் கூட்டி வரப் போய்விட்டார். அன்று பகலுக்குள் மூக்குக் குழாய் வழியாக டாக்சிசைக்ளின் என்ற மருந்து போக ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை. மூச்சு சீராக மட்டும் மேலும் ஒரு வாரம் ஆயிற்று.

மலையில் பார்த்த மூன்று பேரில் ஒருவர்கூட ரவிக்கையை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லவில்லை. அவர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? அம்மா அந்தப் புண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அக்காவிடம் சொல்லவில்லை, என்னிடம் எப்படிச் சொல்வார்? காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வலித்தால் சொல்லியிருப்பார். வலிக்காததை யார் சொல்வார்கள்?

உங்கள் மாமாவுக்குச் சங்கடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஐந்து நிமிடச் சங்கடம்.

நவம்பர் 18, காலை 5.20

தூக்கம் கலைந்துவிட்டது. நோயின் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். ஸ்க்ரப் டைபஸ். நம் செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்கள். புதரில் இருக்கும் உண்ணி கடிப்பதால் வருகிறது. கடித்த இடத்தில் இந்தப் பொருக்கு வரும். பொருக்கு இல்லை என்றால் இந்தக் காய்ச்சல் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மாமா கடைக்குப் பின்னால் புதர் உண்டா? கிடங்கில் எலி உண்டா?

நவம்பர் 18, பகல் 11.30

காலையில் எழுதியதில் ஒரு தவறு. உண்ணி என்றால் நமக்கு மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் கொட்டைமுத்து போல ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. இது அதுவல்ல. இது மண்ணில் வாழும் ஒரு சிறு பூச்சி. வளர்ந்த பூச்சி நம்மைத் தொடுவதே இல்லை. மண்ணுக்குள் மற்றப் பூச்சிகளின் முட்டையைத் தின்று பிழைக்கிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுதான் எலியையோ மனிதனையோ ஒரே ஒரு முறை கடிக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். கண்ணாடி போட்டாலும் எனக்குத் தெரியாது. நோய்க்கிருமி தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது.

புல்லிலிருந்து ஏறி, துணி இறுக்கும் இடம்வரை ஊர்ந்து போய் அங்கே கடிக்கும். பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, ரவிக்கை விளிம்பு, அக்குள், தொடை இடுக்கு. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார்களே, அந்த இடமும்தான். நாலு பேர் எதிரில் யாரும் காட்டாத இடமாகப் பார்த்து உட்காருகிறது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். உண்ணிக் காய்ச்சல் என்றால் உண்ணிச்செடியிலிருந்து வருவது என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். சிரித்தேன். பிறகு யோசித்தால், ஆங்கிலத்தில் ஸ்க்ரப் என்றாலே புதர்தான்; நம் மலையில் வேலியோரப் புதர் என்றால் பாதி உண்ணிச்செடி. அவர் பாதி சரி.

நவம்பர் 18, மாலை 7.05

தீபாவளிக்கு முன் கடைக்குப் பின்னால் புதரை வெட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரியாக வருகிறது. கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். காய்ச்சல் வரும் நேரத்தில் புதர் வெட்டியது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அதனால்தான் டாக்டர் 'என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்பதைவிட 'போன மாதம் எங்கே உட்கார்ந்தீர்கள்' என்று கேட்பது நல்லது.

நவம்பர் 19, இரவு 8.15

இன்னொரு தவறையும் திருத்த வேண்டும். பொருக்கு இல்லை என்றால் நோய் இல்லை என்று எழுதினேன் அல்லவா? அதை நம்பிவிடாதீர்கள். அம்மாவின் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு, ஊட்டியில் வேலை பார்க்கும் தெரிந்த மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். பலருக்குப் பொருக்கே வராதாம். வந்தாலும் ஈரமான மடிப்பில் கருப்பாக இல்லாமல் வெறும் வெளிறிய புண்ணாக நிற்குமாம். இருந்தால் ஏறக்குறைய உறுதி. இல்லாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை. பொருக்கு தெரியாதபோது, பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாராம். அம்மாவுக்கு இடது அக்குளில் நெறி கட்டியிருந்தது. சுள்ளிக் கட்டு தூக்கிய வலி என்று தைலம் தேய்த்தோம்.

ரத்தப் பரிசோதனையும் முதல் வாரத்தில் இல்லை என்று காட்டலாம். உடம்பு எதிர்ப்புப் பொருளைச் செய்து முடிக்க நாள் ஆகும். மாமாவுக்கு 'இல்லை' என்று வந்தால் உடனே அந்த டாக்டரைத் திட்ட வேண்டாம்.

நவம்பர் 20, காலை 10.10

டைபஸும் டைபாய்டும் ஒன்றா என்று கேட்கிறீர்கள். இல்லை. டைபாய்டு என்றால் 'டைபஸ் மாதிரி' என்று பொருள். பார்க்க ஒன்றுபோல் இருந்ததால் அந்தப் பெயர். இரண்டும் வேறு வேறு என்று பிரித்துச் சொன்னது 19ஆம் நூற்றாண்டில்தான். மூலச்சொல் கிரேக்கத்தில் புகைமூட்டம். மூளையில் புகை மூடியது போல நோயாளி கிடப்பதால். அம்மா ஏழாம் நாள் அக்காவைப் பார்த்து, இறந்துபோன பெரியம்மாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். புகைதான்.

பெயர்க் குழப்பத்தால் எங்களுக்கு நான்கு நாள் போயிற்று. டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் அந்த ஊசி மருந்து இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. இது நம் செல்லுக்குள் புகுந்து ஒளிந்து வாழ்கிற கிருமி. டைபாய்டுக்கு எடுக்கும் விடால் பரிசோதனை வேறு காய்ச்சல்களிலும் பொய்யாக 'உண்டு' என்று காட்டிவிடும்.

இந்தக் கிருமியின் பெயரில் இருக்கும் ஜப்பானியச் சொல் ட்சுட்சுகாமுஷி. முஷி என்றால் பூச்சி, ட்சுட்சுகா என்றால் நோவு, கேடு. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூன்று நாள் பயிற்சி. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இதனால் விழுந்தார்கள். இன்றுவரை தடுப்பூசி கிடையாது.

நவம்பர் 21, காலை 7.00

மாமாவுக்கு நேற்று இரவிலிருந்து காய்ச்சல் இல்லை என்ற செய்தி பார்த்தேன். நல்லது. மாத்திரையை எழுதிக் கொடுத்த நாள்வரை போடச் சொல்லுங்கள், நிறையத் தண்ணீரோடு. விழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். அம்மா வீட்டுக்கு வந்த பிறகு அப்படி ஒரு தடவை பட்டார்.

மற்றவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடையில் தாமாக வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளின் கொடுப்பதில்லை, அவர்களுக்கு அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நன்றாகக் கேட்கிறது என்று இந்தியாவிலேயே ஏழு மருத்துவமனைகளில் செய்து பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் முன்னின்று செய்தது. அம்மாவுக்குப் பிறகு வந்த செய்தி.

நவம்பர் 24, இரவு 9.30

"அப்படியானால் உடம்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் பயப்பட வேண்டுமா?" என்ற கேள்வி. நியாயமானது. பதிலாக என் அசட்டுத்தனத்தைச் சொல்கிறேன்.

அம்மா பிழைத்து வந்த அடுத்த ஆறு மாதம் நான் பைத்தியமாக இருந்தேன். முதுகில் மச்சம் பெரிதாகிறது என்று கோயம்புத்தூர் போனேன். மச்சம் 40 வருடமாக அதே அளவுதான் என்று என் மனைவி சாட்சி சொன்னார். கண் இமை துடித்தது. மூளையைப் படம் எடுக்கச் சொல்லி நானாகவே கேட்டு எடுத்தேன். ஒன்றும் இல்லை. 'மூளையில் ஒன்றும் இல்லை' என்று வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். டாக்டர் கேட்டது: "இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், எத்தனை டீ?" எட்டு டீ. தேயிலைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது?

மழை நாளில் கொழுந்து எடை போடும்போது ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்போம். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் தினம் சண்டை. கழிக்காவிட்டால் முதலாளிக்கு நஷ்டம், அதிகம் கழித்தால் பறித்தவளின் வயிற்றில் அடி. உடம்பு சொல்வதிலும் அந்தக் கழிவு உண்டு. புள்ளி தனியாக இருந்தால் நான் கழித்துவிடுவேன். புள்ளியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் கழிக்க மாட்டேன். இத்தனை வருடம் இல்லாத ஒன்று இருந்தாற்போல வந்து, அடுத்தடுத்து அதே இடத்தில், அதே வேளையில் வந்தாலும் கழிக்க மாட்டேன். இந்தக் கணக்கு எனக்கு அண்ணன் சொல்லிக் கொடுத்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

டிசம்பர் 2, இரவு 10.20

அண்ணன் கதை. வெளியே மழை, மின்சாரம் போய்ப் போய் வருகிறது. அரையில் நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் நிற்கும் சாலையிலிருந்து, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீட்டுக்கு 140 படி. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. எங்களுக்கு இந்தப் படிதான் சோதனைக்கூடம். யாருக்கு எப்போது வயதாயிற்று என்பது அவர் தொட்டியடியில் நிற்க ஆரம்பித்த நாளை வைத்துத் தெரிந்துவிடும். அதனால் யாரும் நிற்க மாட்டார்கள். நின்றால் செருப்பில் கல் என்பார்கள்.

அண்ணனுக்கு 56. இரண்டு மாதமாக இடது கீழ்த்தாடையில் பல்வலி. பல் டாக்டரிடம் போனார். சொத்தைப் பல் ஒன்று இருக்கத்தான் இருந்தது, பிடுங்கினார்கள். வலி நிற்கவில்லை. பிடுங்கிய இடம் ஆறவில்லை என்று கிராம்பு வைத்தார்.

அண்ணிதான் கவனித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசிப் பையோடு பின்னால் ஏறி வந்திருக்கிறார். அண்ணன் தொட்டியடியில் நின்று, தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறார். இரண்டு நிமிடம் கழித்துப் புறப்பட்டார். மறுநாளும் அதே இடம். அண்ணி வந்து என்னிடம் சொன்ன வாக்கியம் இதுதான்: "பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருக்கிற மனிதர், ஒரு நாளும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது என்ன புதிதாக ரசிக்கிறார்?"

பல்வலிக்கு ஏற்றம் இறக்கம் தெரியுமா? ஏறும்போது வந்து, நின்றால் போகிற பல்வலி பல்லில் இல்லை. இதயத்துக்கு ரத்தம் போதாமல் தவிக்கும்போது அந்த வலியை மூளை தாடை, தோள், மேல் வயிறு என்று இடம் மாற்றிக் காட்டிவிடுகிறது. இது எனக்கு அப்போது தெரியாது. அம்மா விஷயத்தில் பட்ட சூட்டால் அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். படுக்க வைத்து எடுத்த ஈசிஜி சுத்தமாக இருந்தது. "பார்த்தாயா" என்று அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினார். டாக்டர்தான், ஏறும்போது வருகிற வலிக்குப் படுத்துக்கொண்டு எடுத்த படம் போதாது என்று நிறுத்தி, ஓடும் பட்டையில் நடக்க வைத்தார். ஐந்தாவது நிமிடம் தாடையைப் பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் இரண்டு இடத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள்.

அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலி நெஞ்சிலேயே வர வேண்டும் என்பதில்லை. சிலருக்கு வலியே இருக்காது, வெறும் களைப்பு.

டிசம்பர் 3, காலை 8.00

அண்ணன் இதைப் படித்துவிட்டார். படி 140 இல்லை, 138 என்கிறார். ஒவ்வொன்றாக எண்ணினாராம். இப்போது நிற்காமல் ஏறுகிறார் என்பதையும் எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

டிசம்பர் 9, மாலை 4.45

இங்கே ஒருவர், தன் மனைவி பச்சரிசியை மென்றுகொண்டே இருப்பதாக எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கிற பெண்களில் பாதிப் பேரின் மடியில் அரிசி இருக்கும். சிலர் விபூதிக் கட்டியைத் தின்பார்கள், சிலர் மண்ணை. பல நேரம் இரும்புச்சத்துக் குறைவு. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறிக் குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். தோட்டங்களில் பழைய கதை. ரத்தம் பார்த்து, குடற்புழு மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஆனால் எங்கள் தொழிற்சாலையில் இரவுக் காவலாளி ஒருவர் இருந்தார், 63 வயது. அவர் அரிசி மெல்ல ஆரம்பித்தார். ஆணுக்கு மசக்கையா என்று நாங்கள் செய்த கேலி கொஞ்ச நஞ்சமல்ல. நானும் செய்தேன். அவருக்கு ஹீமோகுளோபின் 7. வயதான ஆணுக்கு இரும்பு குறைந்தால், மாத்திரை கொடுப்பதோடு நிற்காமல் ரத்தம் எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டும் என்று ஒரு டாக்டர் பிடிவாதம் பிடித்தார். பெருங்குடலின் வலப்பக்கம் கட்டி. அந்தப் பக்கத்துக் கட்டி பெரும்பாலும் வலிக்காது, மலத்தையும் சீக்கிரம் அடைக்காது. கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டே இருக்கும். அறுவைச் சிகிச்சை செய்து ஆறு வருடம் ஆகிறது. என்னைப் பார்த்தால் இன்னும் "மசக்கை தீர்ந்தது" என்பார்.

டிசம்பர் 9, இரவு 9.00

ரத்தம் என்றதும் ஞாபகம் வந்தது. இந்தியாவில் அரிவாள் செல் தன்மை முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். ரத்தச் சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் போல வளைந்து, சிறு குழாய்களில் சிக்கிக்கொள்ளும் பரம்பரை நோய். குளிர் அதற்கு ஆகாது. கைக்குழந்தைக்குக் கை விரலும் கால் விரலும் வீங்கி, தொட்டால் அழும். பல குழந்தைகளுக்கு அதுதான் முதல் அடையாளம். பனிக் காலத்தில் குழந்தை விரல் வீங்கினால் குளிருக்கு வீங்கியது என்று எண்ணெய் தடவுவது நம் வழக்கம். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துக் கிராமங்களில் இதற்கென்றே ரத்தம் பார்க்கிறார்கள். கீழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் டாக்டருக்கு யாராவது இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் மாமாவின் டாக்டருக்கு யாரோ பொருக்கைச் சொல்லிக் கொடுத்தது போல.

டிசம்பர் 10, காலை 6.30

நாய் கீறியது, தோல் லேசாகத்தான் கிழிந்தது, அறிகுறி ஏதாவது வந்தால் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். இந்த இழையில் நான் எழுதியது எதுவும் அதற்குப் பொருந்தாது. ஆறிப்போன கீறலில் ஊறல் எடுப்பதுதான் வெறிநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அது வந்த பிறகு செய்வதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை. சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு இன்றே ஊசிக்குப் போங்கள். 1907இலிருந்து வெறிநாய்க்கடி மருந்துக்கென்று குன்னூரில் பாஸ்டியர் நிலையம் நிற்கிற மலை இது. இங்கே இருந்துகொண்டு காத்திருப்பேன் என்றால் எப்படி?

டிசம்பர் 28, இரவு 11.15

ஒரு மாதமாக மனதில் உறுத்திக்கொண்டிருந்தது இன்றுதான் பிடிபட்டது.

அம்மாவுக்கு நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காது அடைத்தது. 'கொய்' என்று சத்தம் என்றார். நான் கோத்தகிரியில் மருந்துக் கடையில் நின்றுகொண்டு தொலைபேசியில் கேட்டேன். வாயைத் திறந்து கொட்டாவி விடுங்கள், எச்சில் விழுங்குங்கள் என்றேன். மலையில் காது அடைத்தால் எல்லோரும் சொல்வது அது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது அடைக்கும், ஏறும்போது திறக்கும்; பிறந்ததிலிருந்து பழக்கம்.

அம்மா அன்று எங்கும் இறங்கவில்லை, ஏறவில்லை. கட்டிலில் கிடந்தார்.

ஊட்டி மருத்துவரிடம் இன்று கேட்டேன். காய்ச்சலோடு இருந்தாற்போல் காது மந்தமாவது ஸ்க்ரப் டைபஸில் உண்டு, கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு நல்ல துப்பு என்றார். பொருக்கை நான் பார்த்திருக்க முடியாது என்று மூன்று வருடமாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். காதை அவர் என்னிடம்தான் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். "என்ன?" என்றார். இடது காது இப்போதும் கொஞ்சம் மந்தம்தான். இரண்டாவது தடவை உரக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 12, மாலை 6.50

உங்கள் மாமா அந்த டாக்டருக்குப் பொங்கலுக்கு ஒரு மூட்டை வெல்லம் கொடுக்கப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மூட்டை வெல்லத்தை வைத்துக்கொண்டு அந்தத் தனி ஆள் என்ன செய்வார்? அரைக் கிலோ போதும்.

எங்கள் வீட்டில் அம்மா இன்று மறுபடியும் சுள்ளிக்குப் போனார். தடுத்துப் பார்த்துத் தோற்றுவிட்டோம். ஒப்பந்தம் இதுதான்: முழுக்கை ரவிக்கை, காலுறை, புல்லில் உட்காரக் கூடாது. திரும்பியதும் துணி முழுவதும் வெந்நீரில் ஊற வேண்டும், உடம்பைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், பிறகு அக்கா டார்ச்சோடு குளியலறைக்குள் போவார். அடுத்த மூன்று வாரமும் குளிக்கும்போதெல்லாம் இந்தத் தேடல். முதலில் அம்மா கூச்சப்பட்டார். இப்போது உள்ளே இருந்து அதட்டல் கேட்கிறது: "முதுகுப் பக்கம் பார்த்தாயா? சரியாகப் பார்."

சற்று முன் அக்கா வெளியே வந்தார். ஒன்றும் இல்லையாம். கணுக்காலில் ஓர் அட்டை மட்டும். உப்புப் போட்டு எடுத்தாயிற்று.

வெந்நீர் விறகில்தான் காய்ந்தது.